அடுப்படி வாசல் வீடுகள்

வெள்ளைக்கரட்டைச் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் ஒரு விஷயத்துக்காகக் கேலி செய்வார்கள். அங்கே ரோட்டிலிருந்து வீட்டுக்குள் கால் வைத்தால் முதலில் அடுப்படி வரும். குழம்புச் சட்டியைத் தாண்டித்தான் கூடத்துக்குப் போக வேண்டும். எல்லா வீடுகளும் அப்படியில்லை. ரோட்டின் கிழக்கு ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஏழு பழைய மண்சுவர் வீடுகள் மட்டும்தான். நிலக்கோட்டை பஸ் அந்த இடத்தில் வேகம் குறையும்போது விறகுப் புகையும் கருவாட்டு வாசமும் ஜன்னல் வழியாக உள்ளே வரும். "கருவாடு ஸ்டாப்பிங் எறங்கு" என்பார் கண்டக்டர்.

என் மாமனார் சோலைமலையின் வீடு அந்த ஏழில் ஒன்று.

மாசி மாதம் ஒரு திங்கட்கிழமை அவர் திண்டுக்கல்லில் என் ஆபீசுக்கு வந்தார். சர்வே ஆபீசில் நான் படம் வரைபவன். மேஜைக்கு எதிரே நாற்காலி இருந்தும் அவர் உட்காரவில்லை. துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார். முன்பெல்லாம் அவர் வந்தால் கூடவே வாழையிலையில் கட்டிய பூப்பொட்டலம் ஒன்றும் வரும். என் மனைவி ஜோதிமணி தவறிப்போன பிறகு அது வருவதில்லை.

"வேலையா இருக்கீகளா மாப்ளே?"

"இல்ல மாமா. சொல்லுங்க."

"அடுப்படிச் சொவத்துல செகப்பு மை அடிச்சுட்டுப் போயிட்டாக. ரோட்ட அகலப்படுத்துறாகளாம். அடுப்படி போகுது, பாதிக் கூடம் போகுது. மிச்சம் நிக்குமா? மண்சொவரு. மொத்தமா விழுந்துரும்."

"எத்தனை வீட்டுக்கு?"

"ஏழுக்கும். நீங்கள்லாம் ரோட்டுப் பொறம்போக்குல வந்து குந்திக்கிட்டீங்கன்னு சொல்றாரு இஞ்சினியரு. பட்டா காட்டுங்குறாரு. நத்தத்துல எவன் வீட்டுக்குப் பட்டா இருக்கு? ரோடு மொதல்லயா, வீடு மொதல்லயான்னு ஆதாரம் காட்டு, காட்டுனா யோசிக்கிறேன்னாரு. சித்திர பொறக்குறதுக்குள்ள காட்டணுமாம்."

"பார்க்கிறேன் மாமா."

"நீங்க பாத்தாத்தான் உண்டு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாப்புடுறீகளா? ஆளு பாதியாயிட்டீக."

டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டேன்.

எங்கள் ஆபீசில், ஊர்க் குடியிருப்பு நிலமான வெள்ளைக்கரட்டு நத்தத்தின் படம் செல்லரித்துப் போயிருந்தது. திண்டுக்கல்லைத் தனி ஜில்லாவாகப் பிரித்துவிட்டார்களே ஒழிய, பழைய ஆவணக் கட்டுகள் இன்னும் மதுரையிலேயே கிடந்தன. லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். கூடவே ராயப்பராஜும் வந்தான். தாலுகா சர்வேயர். பேச ஆள் கிடைத்தால் போதும் அவனுக்கு. பஸ்ஸில் அவன் பேசிக்கொண்டு வந்தான், நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெள்ளைக்காரன் காலத்து முதல் சர்வேயில் போட்ட கிராமப் படம் அது. துணி ஒட்டிய காகிதம். விரித்தபோது தும்மல் வந்தது. கண்மாய் நீல நிறத்தில் இருந்தது. வடக்கிலிருந்து தெற்காக இரட்டைக் கோட்டில் வண்டிப்பாதை. அதன் ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்புச் சதுரங்கள். அந்தக் காலத்தில் வீட்டை அப்படித்தான் குறிப்பார்கள். ராயப்பராஜ் பென்சில் நுனியால் எண்ணினான்.

"ஏழு. சரியா ஏழுப்பா! ஒன் மாமனாரு வீட்டுல நமக்குக் கறிச்சோறுதான்."

நான் இன்னொரு தரம் பார்த்தேன்.

"ராயப்பா, சதுரம் எல்லாம் பாதைக்கு மேற்கே இருக்கு."

"அதனால என்ன?"

"வீடு எல்லாம் ரோட்டுக்குக் கிழக்கே இருக்கு."

அவன் தொப்பென்று உட்கார்ந்தான். படத்தில் பாதைக்குக் கிழக்கே ஒன்றுமே இல்லை. வெறும் புஞ்சை. மேற்கே இருந்த ஏழு வீடுகள் எந்தக் காலத்திலோ அழிந்துபோயிருக்க வேண்டும். கிழக்கே இருப்பவை அதற்கப்புறம் வந்து முளைத்தவை. அப்படியானால் இஞ்சினியர் சொன்னது சரி.

"ஒன் மாமனாருகிட்ட எப்படிச் சொல்லப் போற?" என்றான்.

படத்தின் மேல் டிரேசிங் துணியை விரித்து, கோடு விடாமல் பிரதி எடுத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்கரட்டில் இறங்கினேன். பக்கத்து வீட்டு ஜெய்தூன் பீவி ரோட்டைப் பார்த்த தன் அடுப்படியில் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். வாசலிலேயே அடுப்பு இருப்பதால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்தான் அவருக்கு வாடிக்கை. அவர் சுவரிலும் சிவப்புக் கோடு இருந்தது. அதற்குக் கீழே சட்டியை எப்போதும்போல மாட்டி வைத்திருந்தார்.

"வாங்க மருமகனே! வழி தெரிஞ்சுச்சா? படத்துல என் வீடு இருக்கா, பாத்தீகளா?"

"பார்த்தேம்மா."

"மொகத்தப் பாத்தா இல்லேன்னு தெரியுது. எங்க மாமியா செத்தாலும் இந்தச் சொவத்த விட்டுப் போக மாட்டேன்னு சொன்னுச்சு, போகல. நான் எங்க போக?" கரண்டியால் பணியாரத்தைத் திருப்பினார். "உள்ள போங்க. வாரேன்."

மாமனார் வீட்டு அடுப்படியில் அத்தை குனிந்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். "வாங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். ஜோதிமணி போன பிறகு எங்களுக்குள் பேச்சு அவ்வளவில்தான் நின்றது.

கூடத்தில் படத்தை விரித்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பழைய வீடுகள் ரோட்டுக்கு மேற்கே இருந்தவை, நம் வீடு படத்தில் இல்லை.

மாமா படத்தின் மேல் குனிந்தார்.

"மேக்கயா? மேக்க இருக்குறது சோளக்காடு மாப்ளே. எங்க அய்யா காலத்துல இருந்து, வெளச்சல்ல பங்கு குடுத்து வாரத்துக்கு நாந்தான் உழுகுறேன். ஏழு வீடு இருந்த எடம்னா கொழு மொனையில பான ஓடாவது மாட்டணுமா வேணாமா? ஒரு ஓடு கெடச்சதில்ல. ஒரு செங்கக் கண்டு கெடச்சதில்ல. வெறும் கரம்ப மண்ணு."

"படம் தப்பா இருக்காது மாமா."

"மண்ணு மட்டும் தப்பா இருக்குமா?"

அத்தை இலையைப் போட்டார். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, வெஞ்சனத்துக்கு அவரைக்காய். கைகழுவப் பின்பக்கம் போய்விட்டு வந்தேன். ஜெய்தூன் பீவி தூக்குவாளியில் பணியாரத்துடன் வந்து சுவரோரம் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"ஏழு வீடும் பேய் வீடா இருந்திருக்கும். பேய்க்குப் பான எதுக்கு, சட்டி எதுக்கு?"

"செத்த சும்மா இருத்தா" என்றார் மாமா.

"சும்மா இருந்தா வீடு நிக்குமா? ஏன் மருமகனே, ஒங்க கல்யாணத்துல ஒங்க சித்தப்பா குதிச்சாரே ஒரு குதி, ஞாபகம் இருக்கா? அந்த மாதிரி ஒரு ஆள இஞ்சினியருகிட்ட அனுப்பணும்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாப்பிள்ளைய எச்சித்தண்ணி ஊத்துற கொல்லைப்பக்கமாவா கூட்டிட்டுப் போறீகன்னு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டாரே."

எனக்கு ஞாபகம் இருந்தது. இந்த ஏழு வீடுகளிலும் மாப்பிள்ளை, பெண் யாரானாலும் ரோட்டு வாசலில் நிறுத்த மாட்டார்கள். வீட்டைச் சுற்றிக் கூட்டிப்போய்க் கொல்லை வாசலில் நிற்க வைத்துத்தான் ஆரத்தி எடுப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். சித்தப்பா வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "ஊர்ப் பழக்கம், ஊர்ப் பழக்கம்" என்று மாமா அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். ஜோதிமணி மாலையோடு நின்று, வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுலயும் அப்படித்தானாம்மா?" என்று ஜெய்தூன் பீவியைக் கேட்டேன்.

"என்னையும் கொல்லை வழியாத்தான் கூட்டியாந்தாக. எங்க அத்தா கேட்டதுக்கு, இங்கன அதுதான் தலைவாசல்னு சொன்னுச்சு எங்க மாமியா. எனக்கு அப்பவே கிறுக்குப் பிடிச்ச ஊருன்னு தெரிஞ்சுபோச்சு."

பாதிச் சோற்றில் எழுந்தேன். "என்ன தம்பி, உப்பு கூடிருச்சா?" என்று அத்தை பதறினார்.

கொல்லை வாசலுக்குப் போனேன். எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். நின்று பார்த்ததில்லை. ரோட்டுப் பக்க வாசலுக்கு நாட்டு வேப்பமரத்தில் ஒப்புக்கு ஒரு சட்டம். இங்கே இருந்த நிலையோ ஒரு சாண் கனம். மேல்கட்டையில் தாமரை செதுக்கியிருந்தார்கள். விளக்கு வைக்கும் மாடப்பிறை இரண்டு பக்கமும் இருந்தது. கிழக்குப் பார்த்த வாசல். எவனும் கொல்லைக் கதவுக்குத் தாமரை செதுக்க மாட்டான்.

வீடுகள் நகரவில்லை. ரோடுதான் நகர்ந்திருக்கிறது.

பாதை அப்போது வீடுகளுக்குக் கிழக்கே போயிருக்கிறது. வீடுகள் பாதைக்கு மேற்கே. படத்தில் இருப்பதும் அதுதான். அடுப்படி, சாம்பல், குப்பைக்குழி எல்லாம் பின்பக்கம் மேற்கே. எப்போதோ பாதை அங்கே மாறிப்போனது. வீடுகள் திரும்பிக்கொள்ள முடியவில்லை. சனங்கள் அடுப்படிச் சுவரை உடைத்து வழி வைத்துக்கொண்டார்கள். நல்ல காரியத்துக்கு மட்டும் பழைய வாசலை விடவில்லை.

பின்னாலேயே வந்து நின்ற மாமாவிடம் சொன்னேன். அவர் நிலையைத் தொட்டுப் பார்த்தார்.

"கம்மா ஒடஞ்ச வருசம்னு எங்க அய்யா சொல்லுவாரு" என்றார் மெதுவாக. "கெழக்க வண்டி அச்சு வரைக்கும் சேறாக் கெடந்துச்சாம். அப்பத்தான் மேட்டுப்பக்கமா வண்டிய அடிச்சிருப்பாக. மாப்ளே, அப்ப நம்ம வீடுதான் மொதல்ல!"

"ஆமா மாமா."

"அப்ப அந்த ரோடு எங்கிட்டுப் போச்சு?"

நான் முன்னால் பார்த்தேன். வாசலிலிருந்து கிணறு வரைக்கும் அத்தையின் மல்லிகைச் செடிகள். பங்குனி பிறந்துவிட்டது. செடி முழுக்க மொட்டு. விடியற்காலையில் அத்தை கூடை நிறையப் பறித்து முதல் பஸ்ஸில் நிலக்கோட்டைக்கு அனுப்புவார். வெங்காயம் அழுகிப்போன வருஷமும், மோட்டார் எரிந்துபோன வருஷமும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பூவால்தான்.

"செடிக்குள்ள" என்றேன்.

அத்தை என் பின்னால் சோற்றுக் கரண்டியோடு நின்றிருந்தார். கேட்டுவிட்டார்.

"இது ரோட்டு எடமா?"

"கணக்கில இன்னும் வண்டிப்பாதைதான் அத்தை. வீடு நத்தத்தில இருக்கு, அதை யாரும் தொட முடியாது. ஆனா அதை நிரூபிக்க இந்தப் படத்தைக் காட்டணும். காட்டினா இதுவும் தெரிஞ்சிரும்."

"ஜோதி பெரிய மனுசி ஆன வருசம் வச்ச செடி" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. "அவ நகை அம்புட்டும் இதுலதான் சேத்தேன்."

எனக்குத் தெரியும். ஜோதிமணி சொல்லியிருந்தாள்.

மாமா கிணற்றுப் பக்கம் திரும்பி நின்றார். "வீடு எங்க அய்யாவோடது. செடி அவளோடது" என்றார் என்னிடம். "அதக் குடு, இத வச்சுக்கிறேன்னு நான் எந்த வாயால கேக்க? நான் கேக்க மாட்டேன் மாப்ளே."

"ஒங்கள யாரும் கேக்கச் சொல்லல" என்றார் அத்தை. "தம்பி, சோறு ஆறுது. மொதல்ல உக்காந்து சாப்புடுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

இலையில் மறுபடி சூடான சோறு போட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். நான் கிளம்பும்போது அத்தை ரோட்டுப் பக்கம் போய், தார் மேல் வெறுங்காலோடு நின்றுகொண்டு, கையை நெற்றியில் வைத்து வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

பங்குனிக் கடைசியில் அளவு வைத்தார்கள். "படத்தக் காட்டுங்க, மத்தத நான் நேர்ல கேட்டுக்கிறேன்" என்று அத்தை அதற்கு முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். ராயப்பராஜ் கண்மாய் மதகில் சர்வே கல்லைக் கண்டுபிடித்தான். மற்றொன்று கரட்டடியில் சப்பாத்திக் கள்ளிக்குள் கிடைத்தது. கல்லுக்குக் கல் சங்கிலி போட்டு, பழைய அளவை மீட்டருக்கு மாற்றி, கொடி நட்டுக்கொண்டே வந்தோம். இஞ்சினியர் சின்ன வயசுக்காரர். குடை பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். ஏழு வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

முதல் கொடி ஜெய்தூன் பீவியின் ஆட்டுக் கொட்டகை ஓரத்தில் விழுந்தது. அடுத்தது அத்தையின் செடிகளுக்கு நடுவில். மூன்றாவது அடுத்த வீட்டு வைக்கோற்படப்பில். ராயப்பராஜ் வேண்டுமென்றே ஒவ்வொரு வீட்டுக் கொல்லை வாசலிலும் இஞ்சினியரை நிறுத்தி, நிலையைக் காட்டினான். ஏழு நிலை, ஏழும் தடிமன், ஏழும் கிழக்குப் பார்த்தவை. படத்தில் இருந்த ஏழு சதுரத்தோடும் பொருந்தின.

"வீடு பழசுதான், ஒத்துக்கிறேன்" என்றார் இஞ்சினியர். "இப்ப என்னை என்ன செய்யச் சொல்றீங்க? தார் ரோட்டை விட்டுட்டு ஆட்டுக் கொட்டகைக்குள்ள ரோடு போடச் சொல்றீங்களா?"

"தார் ரோட்டைக் கிழக்கே அகலப்படுத்தினா ஏழு வீட்டுக்கும், மேற்கே அகலப்படுத்தினா பட்டாக் காட்டுக்கும் நஷ்டஈடு கொடுக்கணும் சார்" என்றான் ராயப்பராஜ். "கேஸ் போட்டா எப்ப முடியும்னு ஒங்களுக்குத் தெரியாததா? இங்க அரசாங்க இடம். இடிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"கொல்லையை விடுவாங்களா? நாளைக்கு இதுக்கும் மறிச்சா?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. வைக்கோற்படப்புக்காரர், "படப்ப எங்க வைக்கிறது?" என்றார். மற்றொருவர் மாட்டுத்தொழுவம் என்றார். எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் முடியாது என்றால் ஏழும் போச்சு. அது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

அத்தை முன்னால் வந்தார்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். ரோடு இங்கிட்டு வந்துட்டா, அங்கிட்டுக் கெடக்குற ரோடு யாருக்கு?"

இஞ்சினியர் ராயப்பராஜைப் பார்த்தார். ராயப்பராஜ் என்னைப் பார்த்தான்.

"படப்படி அது நத்தம். இந்த வீடுகளோட கொல்லை" என்றேன்.

"அப்ப அது எங்களுதுதான?"

"தார் போட்ட இடம்மா அது" என்றார் இஞ்சினியர்.

"தாரப் பேத்துக்கிடுறோம். இங்கன புளியமரத்து நெழலு, மத்தியானத்துக்கு மேல வெயிலு கெடையாது. அங்கிட்டு நாள் முச்சூடும் அடிக்கிது. மல்லிக்கு வெயிலுதான வேணும்? நானும் பத்து நாளா நின்னு பாத்துட்டேன். எழுதிக் குடுங்க, நான் மொத ஆளாக் கைநாட்டு வைக்கிறேன்."

இஞ்சினியர் சிரித்துவிட்டார். "எனக்குத் தெரிஞ்சு ரோட்டைக் கேட்டு வாங்கின ஆளு நீங்க ஒருத்தர்தான்மா. மேல எழுதிக் கேக்குறேன்."

"பணியாரக் கடைய என்ன செய்ய?" என்றார் ஜெய்தூன் பீவி. "கழுத, அடுப்பத் தூக்கி இந்தப் பக்கம் வச்சுக்கிட்டாப் போச்சு. எங்க மாமியா சொன்ன தலைவாசல்ல யாவாரம். வைங்க கைநாட்ட!"

மாமா அத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என்ன பாக்குறீக? பேனாவ வாங்குங்க" என்றார் அத்தை.

புது ரோடு கிழக்கே, பழைய ரோட்டு இடம் வீட்டுக்காரர்களுக்கு என்று மேலிருந்து உத்தரவு வர ஆனி ஆகிவிட்டது. அதற்குள் அத்தை சித்திரைப் பூ, வைகாசிப் பூ இரண்டையும் பறித்துவிட்டார். செடிகளின் கீழ்க்கிளைகளை வளைத்து மண்ணில் புதைத்து, மேலே கல் வைத்துப் பதியம் போட்டு, வேர் பிடித்ததும் அவற்றைப் பெயர்த்துக் கிணற்றடியில் நட்டு வைத்தார். புல்டோசர் வந்த அன்று கிணற்றடியில் உட்கார்ந்து, பார்க்காமல் அடுப்பெரிக்கப் பருத்திமாரை ஒடித்துக்கொண்டிருந்தார் என்று மாமா சொன்னார். கிணறு தப்பிவிட்டது.

ஆவணியில் போனபோது பஸ் வேறு பக்கமாகப் போய் நின்றது. ஏழு வீடும் ஏழு நிலையும் புது ரோட்டைப் பார்த்து இருந்தன. ஜெய்தூன் பீவி சட்டியிலிருந்து நிமிராமல், "கருவாடு வாசம் போயிருச்சேன்னு கண்டக்டருக்கு வருத்தம்" என்றார்.

மறுபக்கம் பழைய ரோட்டில் மாமா கடப்பாரையோடு நின்றார். நான் சட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டிவிட்டு இன்னொரு கடப்பாரையை எடுத்தேன்.

"ஆபீஸ் கை மாப்ளே. கொப்புளம் போட்டுரும்."

"போடட்டும் மாமா."

தார் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. கீழே ஜல்லி. அதற்குக் கீழே செம்மண் கிராவல், கல் மாதிரி இறுகிக் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் அதுதான். வியர்வை கண்ணில் இறங்கியது. இவ்வளவு நாளாக உடம்பு என்று ஒன்று இருந்ததே மறந்துபோயிருந்தது. பிறகு கடப்பாரை சட்டென்று சுலபமாக இறங்கியது. உள்ளேயிருந்து வந்த மண் கறுப்பு. சாம்பலும் மக்கிய சாணமும் கலந்த மண். அதில் பானை ஓடுகள், கரித்துண்டு, எலும்பு.

அத்தை குழிக்குள் இறங்கினார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உதிர்த்து மூக்கருகே கொண்டுபோனார்.

"குப்பைக்குழி" என்றார். "எந்த மகராசி கொட்டுனதோ! இம்புட்டு நாளா இது மேலயா பஸ்ஸு ஓடுச்சு? உரமே வேணாம் தம்பி, ரெண்டு வருசத்துக்கு."

பதியங்களை வேர்மண் உதிராமல் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். நான் குழியில் வைத்தேன். அவர் மண்ணைத் தள்ளி உள்ளங்கையால் அழுத்தினார். கடைசி வரிசை முடியும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மாமா கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினார்.

அத்தை இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்.

"அடுத்த பங்குனிக்கு மொட்டு வச்சுரும். பூக்கும்போது வாங்க தம்பி."

"அதுக்கு முன்னாடியே வாரேன் அத்தை. களை வெட்டணும்ல."

அவர் என் கையைப் பிடித்து விரித்துக் கொப்புளத்தைப் பார்த்தார். விளக்கெண்ணெய் எடுத்துவர உள்ளே போனார்.